ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே

ரொறன்ரோ நகரின் வடக்கு எல்லை ஸ்டீல்ஸ் அவென்யூ. அதற்குத் தெற்கே ஸ்காபரோ, வடக்கே மார்க்கம். எம்மவரில் பலருக்கு இந்த எல்லையைக் கடப்பது அடுக்குமாடி வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போவதைக் குறிக்கும். அந்த எல்லையைக் காரில் கடப்பவர்கள் ஆயிரம். சைக்கிளில் கடப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு தேசத்தின் சரித்திரத்தை நிலத்தின் மேல் வைத்து வாசிக்க விரும்புகிறவனுக்குச் சைக்கிளை விடச் சிறந்த வாகனம் இல்லை என்பது என் எண்ணம். நடந்தால் தூரம் போதாது. காரில் போனால் மேடும் பள்ளமும் தெரியாது. சைக்கிள்காரனுக்கு மட்டும்தான் நிலத்தின் கணக்கு முழங்காலில் வந்து விழும்.

ஸ்டீல்ஸிலிருந்து வடக்கே ஸ்டோவ்வில் வரை 14 கிலோமீற்றர். அதற்கப்பால் ஊசியிலைக் காடுகள், பின் அக்ஸ்பிரிட்ஜ். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த வீதிகளில் பளபளக்கும் உடையும் தலைக்கவசமும் அணிந்த வெள்ளையர்கள் வரிசை வரிசையாகச் சைக்கிளில் போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். எம்மவருக்கு அது வேடிக்கையாக இருக்கும். கார் வாங்க வசதி இருந்தும் ஏன் இந்த மனிதர்கள் மிதித்துச் சாகிறார்கள் என்று கேட்போம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் தேவை. இங்கே அது விளையாட்டு. ஆனால் அந்தப் பிரிவு அத்தனை எளிதானதல்ல. இந்த வீதிகளையே உண்டாக்கியதில் சைக்கிளுக்கு ஒரு பங்கு உண்டு. அந்தக் கதையிலிருந்து தொடங்குவோம்.

1

கனடாவின் சைக்கிள்காரர் சங்கம் 1882 இல் ஒன்ராறியோவின் சென். தோமஸ் நகரில் அமைக்கப்பட்டது. அப்போது ஓடியது முன்சில்லு ஆளுயரம் இருக்கும் வண்டி. விழுந்தால் தலை முதலில் நிலத்தில் படும். 1885 இல் இங்கிலாந்தில் ஸ்ரார்லி இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவான 'றோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். 1888 இல் பெல்பாஸ்ற்றில் டன்லப் காற்றடைத்த ரயரைச் செய்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நாம் இன்றும் மிதிக்கும் சைக்கிள். 1890களில் அது ரொறன்ரோவைப் பித்துப் பிடிக்க வைத்தது. கடும் ஓய்வுநாள் ஆசாரம் நிலவிய அந்த நகரத்தில் 1897 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ராம் வண்டி ஓடவில்லை. சைக்கிள் ஓடியது. கோயிலுக்குப் போகாமல் நகரத்துக்கு வெளியே போன முதல் தலைமுறை சைக்கிளில்தான் போயிற்று. பெண்களும் போனார்கள். பாவாடையின் நீளம் குறைந்தது என்று பாதிரிமார் கவலைப்பட்டார்கள்.

நகரத்தை விட்டு வெளியே போனவர்கள் முதலில் கண்டது சேறு. நாட்டுப்புற வீதிகள் அப்போது நில உடைமையாளர்களின் கட்டாய உழைப்பால் பேணப்பட்டு வந்தன. ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இத்தனை நாள் என்று மண்வெட்டியோடு வரவேண்டும். சதுப்பில் மரக்குற்றிகளைக் குறுக்கே அடுக்கி அதையே வீதி என்றார்கள். எமக்கு இது புதிதல்ல. இலங்கையில் 1848 இல் ஆளுநர் ரொறிங்ரன் கொண்டுவந்த வீதிச் சட்டமும் ஒவ்வொரு ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்றது. அங்கே மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் வெடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே குடியேறிகள் முணுமுணுத்துக்கொண்டு வந்து, அரை நாள் வேலை செய்து, மீதி நேரம் கதைத்துவிட்டுப் போனார்கள். வீதி சேறாகவே இருந்தது.

நல்ல வீதி வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர்களில் சைக்கிள்காரர்கள் முக்கியமானவர்கள். நகரத்தவனின் உல்லாசத்துக்கு நாம் ஏன் கல் உடைக்க வேண்டும் என்று விவசாயிகள் சந்தேகப்பட்டார்கள். 1894 இல் ஒன்ராறியோ நல்ல வீதிகள் சங்கம் உருவாயிற்று. 1896 இல் வீதி அமைப்பைக் கற்பிக்க மாகாண அரசு ஒரு அதிகாரியை நியமித்தது. ஆனால் வீதி நன்றாக வந்தபோது அதில் ஓடியது கார். ரொறன்ரோவின் டொக்டர் பெரி டூலிற்றில் இளமையில் புகழ்பெற்ற சைக்கிள் ஓட்டவீரர். 1925 இல் அவரே காரில் கனடாவைக் குறுக்காகக் கடந்து, நாடு முழுவதையும் இணைக்கும் நெடுஞ்சாலைக்காக வாதாடினார். சைக்கிள் கேட்ட வரத்தைக் கார் வாங்கிக்கொண்டது.

1899 இல் ஐந்து சைக்கிள் கொம்பனிகள் ஒன்றாகி ரொறன்ரோவில் 'சீசீஎம்' பிறந்தது. உழவு இயந்திரம் செய்த மாசி ஹரிஸ் கொம்பனியின் சைக்கிள் பகுதியும் அதில் ஒன்று. கனடாவில் வளர்ந்த தலைமுறைகளுக்கு எமக்கு 'றலி' எப்படியோ அப்படி 'சீசீஎம்'. 1935 முதல் ரொறன்ரோவில் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. சிறுவர்கள் எல்லாம் சட்டத்தை மீறியவர்களாகிப் பொலிசைக் கண்டு ஓடுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாகி, 1957 இல் அதை நீக்கினார்கள். ஊரில் சைக்கிளுக்கு லைசென்ஸ் எடுத்த நினைவு உள்ளவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். 1980களின் தொடக்கத்தில் சீசீஎம்மின் சைக்கிள் தொழில் முறிந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் எம்மவர் இங்கே வந்து இறங்கத் தொடங்கினார்கள்.

நொற்றிங்ஹாமில் செய்த றலி, யாழ்ப்பாணத்தில் ஒரு குடும்பத்தின் ஆதனம். சீதனப் பட்டியலிலும் அது இருந்தது. பாரில் பிள்ளை, கரியரில் மனைவி, ஹாண்டிலில் மரக்கறிப் பை என்று ஒரு வண்டியில் ஒரு வீடே போகும். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் எரிபொருளுக்குத் தடை வந்தது, மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது. குடாநாடு முழுவதும் சைக்கிளுக்குத் திரும்பிற்று. நோயாளியும் பிணமும் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளில் போயின. டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தின் சனம் மழைக்குள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் சைக்கிள்கள் மிதிக்கப்படவில்லை. உருட்டப்பட்டன. ஏறி மிதிக்க இடமில்லை, அத்தனை சனம். அந்த ஒரு இரவில் சைக்கிள் மீண்டும் கைவண்டியாயிற்று.

2

இனி வடக்கே போவோம். ஸ்டீல்ஸ், பதினான்காம் அவென்யூ, ஏழாம் நெடுஞ்சாலை, பதினாறாம் அவென்யூ, மேஜர் மக்கென்சி, எல்ஜின் மில்ஸ், பத்தொன்பதாம் அவென்யூ, ஸ்டோவ்வில் வீதி. இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு குறுக்கு வீதி. ஒன்று கூட இடம் தவறாது. இதை நகரத் திட்டமிடல் என்று நினைக்க வேண்டாம். இது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நில அளவையாளன் இழுத்த சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி. நூறு சங்கிலி ஒன்றேகால் மைல். வீதிக்கு ஒதுக்கிய அகலம் ஒரு சங்கிலி. ஒரு குடியேறிக்கு 200 ஏக்கர். காட்டுக்குள் நின்றுகொண்டு, காடு எப்படி இருக்கிறது என்று பாராமல், ஆறு எங்கே ஓடுகிறது என்று கேளாமல் கோடு போட்டார்கள்.

எங்கள் ஊர் ஒழுங்கைகள் அப்படிப் பிறக்கவில்லை. அவை வேலிக்குப் பயந்து வளைந்தன, குளத்தைச் சுற்றின, பூவரசுக்கு இடம் விட்டன. ஒரு ஒழுங்கை வளைந்தால் அங்கே ஒரு பழைய வழக்கோ ஒரு கிணறோ இருக்கும். இங்கே வீதி வளைவதில்லை. மேட்டைக் கண்டாலும் நேரே ஏறுகிறது, பள்ளத்தைக் கண்டாலும் நேரே இறங்குகிறது. மேஜர் மக்கென்சியைத் தாண்டியதும் கால் இதை உணரத் தொடங்கும். மேடென்றால் பாலம்தான் என்று வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு இது புதிய பாடம். கியர் இல்லாத றலியோடு இங்கே வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

இந்த மேடுகளுக்கு ஓக் றிட்ஜஸ் மொறெயின் என்று பெயர். ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு பனிப்பாளங்களுக்கு இடையில் உருகிய நீர் கொண்டுவந்து கொட்டிய மணலும் பரலும். மேற்கே நயாகரா மலைச்சரிவிலிருந்து கிழக்கே 160 கிலோமீற்றர் நீளம். மழைநீரை உறிஞ்சி வைத்துத் தெற்கே ரூஜ், டொன், ஹம்பர், டவின்ஸ் ஆறுகளாகவும் வடக்கே சிம்கோ ஏரிக்குப் போகும் ஓடைகளாகவும் விடுகிறது. எங்கள் சுண்ணக்கல் நிலம் கிணற்றுக்கு நீர் சேர்ப்பது போல இங்கே மணல்மேடு ஆற்றுக்கு நீர் சேர்க்கிறது. இரண்டுமே மேலே காட்டும் முகத்தை விடக் கீழே வைத்திருக்கும் நீரால் மதிக்கப்பட வேண்டியவை.

3

காடு வெறுமையாக இருந்தது என்பது குடியேறிகளின் கதை. 2003 க்கும் 2005 க்கும் இடையில் ஸ்டோவ்வில்லில் புதிய வீடுகள் கட்ட நிலத்தைத் திறந்தபோது, அதன் அடியில் வென்டாற் மக்களின் பெரும் ஊர் ஒன்று இருந்தது. ஒன்றல்ல, பத்தல்ல, 98 நீள்வீடுகளின் தடங்கள். சுற்றி மர அரண். குறைந்தது 1,500 பேர் வாழ்ந்த இடம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று முதலில் கணித்தார்கள். பின் வந்த கரிமக் கணிப்புகள் அதை 1600 ஐ ஒட்டிய காலத்துக்குக் கொண்டுவந்தன. அங்கே கிடைத்த ஒரு இரும்புத் துண்டு ஐரோப்பாவிலிருந்து, பாஸ்க் மீனவர் வழியாகக் கைமாறி வந்தது என்கிறார்கள். வெள்ளையன் வருமுன்னரே அவன் இரும்பு வந்துவிட்டது.

வென்டாற் மக்கள் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டார்கள். மண் களைத்து, விறகு தொலைவுக்குப் போனதும் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஊரையே தூக்கி வேறிடத்தில் வைத்தார்கள். அது இடப்பெயர்வு அல்ல, வாழ்க்கை முறை. இடப்பெயர்வு பின்னால் வந்தது. பெரும் நோய்களும் ஹோடினஷோனி மக்களோடான போரும் சேர்ந்து 1649 அளவில் அவர்களைச் சிதறடித்தன. ஒரு பகுதியினர் கியூபெக் நகரருகே போய் ஊர் அமைத்து இன்றும் இருக்கிறார்கள். ஸ்டோவ்வில்லில் அகழ்ந்த இடத்துக்குச் சூட்டிய பெயரும் அவர்களில் ஒருவரான போர்வீரர் ஒருவருடையது.

பின் இந்த நிலத்தில் மிசிசாகா மக்கள் இருந்தார்கள். பிரித்தானியருடன் செய்த உடன்படிக்கைகள் எதை விற்றன, எதை விற்கவில்லை என்பது இரு நூறு ஆண்டு வழக்காயிற்று. 1923 இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் அவர்களின் வேட்டை, மீன்பிடி உரிமையையும் பறித்தன. 2018 இல் அரசுகள் 1.1 பில்லியன் டொலர் இழப்பீடு தந்து மன்னிப்பும் கேட்டன. உறுதிப் பத்திரம் என்பது எழுதினவன் மொழியில் இருந்தால் கையெழுத்திட்டவன் பேரன் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும் என்பதை எமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

குடியேறியவர்களும் பெரும்பாலும் ஓடிவந்தவர்களே. 1794 இல் வில்லியம் பேர்ட்சி ஜெர்மன் குடும்பங்களை மார்க்கத்துக்கு அழைத்துவந்தார். யங் வீதியின் ஒரு பகுதியை வெட்டும் வேலையையும் ஏற்றார். அவருக்குக் கொடுத்த நில வாக்கை அரசு காப்பாற்றவில்லை. தொடர்ந்து பென்சில்வேனியாவிலிருந்து மெனனைற் சமயத்தவர் பெரும் வண்டிகளில் வந்தார்கள். 1804 இல் வந்த ஏப்ரகாம் ஸ்டோவ்வர் பெயரில்தான் ஸ்டோவ்வில். அக்ஸ்பிரிட்ஜுக்குக் குவேக்கர் சமயத்தவர் வந்தார்கள். 1820 இல் கட்டிய அவர்களின் எளிய மரக்கூடம் இன்றும் குன்றின் மேல் இருக்கிறது. சிலுவையும் இல்லை, கோபுரமும் இல்லை.

இந்த இரு சமயத்தவரும் ஆயுதம் தொடாதவர்கள். 1793 இன் சட்டம் அவர்களைப் படைச் சேவையிலிருந்து விலக்கியது. ஆனால் ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும், சமாதானக் காலத்தில் 20 சிலிங், போர்க் காலத்தில் ஐந்து பவுண். கொல்ல மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலையைக் கட்டி அவர்கள் இங்கே வயல் செய்தார்கள். எமது பிள்ளைகளைக் காப்பாற்ற எந்த எந்தக் கைகளுக்கு எவ்வளவு கட்டினோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

4

ஸ்டோவ்வில்லுக்கு வடக்கே வீதியின் இரு புறமும் காடு நெருங்கி வரும். செம்பைன் மரங்கள் அணிவகுப்பில் நிற்கும் படைபோல வரிசையாக நிற்கும். அந்த வரிசைதான் இரகசியம். இயற்கை வரிசையில் நடுவதில்லை.

முதற் காட்டைக் குடியேறிகள் தீர்த்துவிட்டார்கள். மரத்தை எரித்துச் சாம்பலைப் பொற்றாஷாக விற்றார்கள். நல்ல பைன்கள் பலகையாயின. 1871 இல் ரொறன்ரோவிலிருந்து ஸ்காபரோ, மார்க்கம், ஸ்டோவ்வில், அக்ஸ்பிரிட்ஜ் வழியாக மூன்றரை அடிப் பாதை கொண்ட றெயில் வந்து, மிஞ்சிய விறகையும் நகரத்து அடுப்புக்கு ஏற்றிச் சென்றது. அந்தத் தடத்தின் தெற்குப் பகுதியில்தான் இன்றைய 'கோ' றெயிலின் ஸ்டோவ்வில் வண்டி ஓடுகிறது. கென்னடியிலும் அஜின்கோர்ட்டிலும் மிலிக்கனிலும் ஏறும் எம்மவர் விறகு வந்த வழியே வேலைக்குப் போகிறார்கள்.

மரம் போனதும் மொறெயின் தன் உண்மையான உடம்பைக் காட்டிற்று. மணல். காற்று அதைத் தூக்கி வேலிக்கு மேல் குவித்தது, வீதியை மூடியது. மூன்று தலைமுறையில் வயல் பாலையாயிற்று. குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயின. எட்மண்ட் சவிற்ஸ் என்ற காட்டியல் அறிஞர் இந்தப் பாழ்நிலங்களைப் படமெடுத்து, எழுதி, அரசைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1911 இல் சட்டம் வந்தது. 1924 இல் யோர்க் கவுண்டி தன் முதல் துண்டைப் பொறுப்பேற்று நாற்று நட்டது. இன்று யோர்க் பிராந்தியக் காடு 2,300 ஹெக்ரயருக்கு மேல். முதலில் நட்ட பைன்களின் வேலை மணலைப் பிடிப்பது, நிழல் தருவது. பின் இடைவெளி விட்டு அவற்றை வெட்ட, அந்த வெளிச்சத்தில் மேப்பிளும் ஓக்கும் தாமாக வந்தன. ஒரு தலைமுறை நட்டது, இன்னொன்று வெட்டியது, மூன்றாவது தலைமுறை அதைக் காடு என்கிறது.

எமது பனைகளை நினைக்கிறேன். அரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் இரு தரப்பும் தறித்த பனைகள். ஒரு வடலி பயன் தரும் பனையாக ஏறக்குறைய கால் நூற்றாண்டு வேண்டும். நடுபவன் தனக்காக நடுவதில்லை. சவிற்ஸின் காட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி நின்றால், இழந்தது திரும்பும் என்பதும், ஆனால் இழந்த அதே வடிவில் திரும்பாது என்பதும் ஒரே நேரத்தில் விளங்கும்.

5

திரும்பும் வழியில் ஸ்டோவ்வில்லுக்குத் தென்கிழக்கே அல்தோனா. 1852 இல் கட்டிய மெனனைற் கூடமும் ஒரு சுடலையும் அங்கே உண்டு. ஊர் இல்லை.

1972 மார்ச்சில் மத்திய அரசு, ரொறன்ரோவுக்கு இரண்டாவது பெரிய விமான நிலையம் கட்டப் போவதாக அறிவித்து, பிக்கறிங், மார்க்கம், அக்ஸ்பிரிட்ஜ் பகுதிகளில் 18,600 ஏக்கரைச் சுவீகரித்தது. தெற்கே புதிய நகரம் ஒன்றுக்காக மாகாண அரசு இன்னும் பெரிய பரப்பை எடுத்தது. நூற்றைம்பது ஆண்டுகள் அதே மண்ணை உழுத குடும்பங்கள் பெயர்ந்தன. 'மக்களா விமானங்களா' என்ற பெயரில் ஒரு இயக்கம் எழுந்தது. 1975 செப்ரெம்பரில் மாகாண அரசு வீதியும் நீரும் தரமாட்டோம் என்று பின்வாங்க, திட்டம் நின்றது. ஆனால் நிலம் திரும்பவில்லை. வீடுகளை அரசே வாடகைக்கு விட்டது, பழுதானவற்றைப் பலகை அடித்து மூடியது, பின் இடித்தது. விமான நிலையம் வரும், வராது என்று ஐம்பது ஆண்டுகள் கழிந்தன. ஒரு பகுதி ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவோடு சேர்ந்தது. 2025 ஜனவரியில் விமான நிலையம் கட்டப்படமாட்டாது என்று மத்திய அரசு அறிவித்தது. பிடுங்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

பலாலியை நினையாமல் இதை எழுத முடியாது. அங்கும் விமான நிலையம். அங்கும் வலிகாமம் வடக்கின் சனம் 1990 முதல் வெளியே. மயிலிட்டித் துறை 2017 இல்தான் விடப்பட்டது. இன்னும் விடப்படாத காணிகள் உண்டு. இரண்டையும் ஒன்றென்று சொல்வது நேர்மையல்ல. இங்கே ஷெல் விழவில்லை, காசு கொடுத்தார்கள், கோர்ட்டுக்குப் போக வழி இருந்தது, யாரும் முகாமில் பிள்ளை பெறவில்லை. ஆனாலும் பெரிய அரசுக்கு ஒரு கோடு போட ஒரு காலை போதும், அதை அழிக்க அரை நூற்றாண்டு வேண்டும் என்பது இரு இடத்துக்கும் பொது.

6

இந்தக் கதையில் எமக்கு ஒரு இடம் இருக்கிறது. மார்க்கத்தில் வன்னி என்ற பெயரில் ஒரு தெரு இருக்கிறது. பெயர் வைக்கும் அளவுக்கு வேர் விட்டிருக்கிறோம். நாம் வாங்கும் புதிய வீடுகள் நேற்றைய வயல்கள். நாளைய வீடுகள் எங்கே என்பதுதான் கேள்வி. 2001 இல் மொறெயினைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. 2005 இல் பசுமை வளையம் வந்தது. 2022 இல் மாகாண அரசு அந்த வளையத்திலிருந்து ஏறக்குறைய 7,400 ஏக்கரை வெட்டி எடுத்தது. அதில் பெரும்பகுதி ரூஜ், டவின்ஸ் ஆறுகளுக்கு இடையிலுள்ள விளைநிலம். எதிர்ப்புக் கிளம்பி 2023 இல் திருப்பி வைக்க வேண்டி வந்தது. எம்மவரில் வீட்டுத் தரகும் கட்டடத் தொழிலும் செய்பவர் பலர். வீடு தேடி அலைபவர் அதைவிடப் பலர். பிள்ளைகளுக்கு வீடு வேண்டும் என்பதும் நியாயம். ஆனால் நிலம் பறிபோவதைப் பற்றி இருபது, முப்பது ஆண்டுகளாக உலகத்துக்குச் சொல்லி வந்த ஒரு சமூகம், தன் வாசலுக்கு வடக்கே நிலம் என்னவாகிறது என்று கேளாமல் இருப்பது அழகல்ல.

பிள்ளைகளுக்கு இந்த நாட்டின் சரித்திரத்தைப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கும்; எமது சரித்திரத்தை நாம் சொல்லிக் கொடுப்போம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே வீதியில் கிடக்கின்றன. ஒரு ஞாயிறு அவர்களைச் சைக்கிளில் கூட்டிச் செல்லுங்கள். போகும்போது வென்டாற் ஊர் இருந்த இடத்தைக் காட்டுங்கள், வரிசையாக நிற்கும் பைனைக் காட்டுங்கள், அல்தோனாவின் சுடலையில் சற்று நில்லுங்கள். நாவற்குழிப் பாலத்தைப் பற்றி அவர்கள் தாமாகக் கேட்பார்கள். களைத்தால் பயமில்லை, நெரிசல் இல்லாத நேரங்களில் 'கோ' றெயிலில் சைக்கிளை ஏற்றலாம்.